டர்போ காரில் பழக்கமில்லாத சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்திய காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், "டர்போ போய்விட்டதா?" என்ற பயம்தான் முதலில் வருகிறது. அந்தப் பயத்தில் நல்ல டர்போக்கள் கழற்றப்படுகின்றன. உண்மையான பழுது உள்ளேயே தங்கிவிடுகிறது. இங்கே உள்ள பதில்கள் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றுக்கு மட்டும் உரியதை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

எந்தெந்தச் சத்தம் இயல்பானது?

ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டி இழுக்கத் தொடங்கும்போது மெல்லிய விசில் கேட்கலாம். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது. சிறிய கார்களின் சிறிய டர்போக்கள் 2,00,000 சுற்றுகளையும் கடக்கும். அந்த வேகத்தில் சுழலும் ஒன்று முற்றிலும் மௌனமாக இருக்க முடியாது. பெட்ரோல் காரில் மிதியிலிருந்து காலை எடுத்ததும் கேட்கும் சிறு "புஸ்" ஒலியும் இயல்பானதே.

எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜின்களில் இன்ஜெக்டர்களும் உயர் அழுத்த பம்பும் இடைவிடாமல் "டிக் டிக்" என்று ஒலிக்கும். பானட்டைத் திறந்தால் அது இன்னும் கூர்மையாகக் கேட்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் ஐடிலிங் வேகம் கூடி, ஒலி சற்றுக் கரகரப்பாக இருப்பதும் சரிதான். புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரை விரைவில் சூடாக்க இன்ஜின் கணினி அப்படிச் செய்கிறது.

உங்கள் கார் நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு வைத்திருங்கள். வேறு எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

பானட்டைத் திறப்பதற்கு முன் தொடங்க வேண்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? சுற்று வேகம் கூடும்போதா, வண்டி சுமை இழுக்கும்போதா? மிதியை அழுத்தும்போதா, விடும்போதா?

இவற்றில் சுற்று வேகம், சுமை என்ற வேறுபாடுதான் மிக முக்கியம். இன்ஜின் வெளியேற்றும் புகையின் ஆற்றலால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதே டர்போவின் வேலை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற அந்த அடிப்படைக் கருத்து இன்றும் மாறவில்லை. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி இன்ஜினை உறுமவிட்டால் சுற்று வேகம் கூடுமே தவிர, புகையின் அளவு பெரிதாகக் கூடாது; டர்போவும் அழுத்தம் கொடுக்காது. ஆகவே நியூட்ரலில் கேட்காமல், ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மட்டும் கேட்கும் சத்தம் பெரும்பாலும் காற்றழுத்தப் பாதையோடு, அதாவது டர்போ, ஹோஸ்கள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகியவற்றோடு தொடர்புடையது. நியூட்ரலிலேயே சுற்று வேகத்தோடு சேர்ந்து கூடும் சத்தம் என்றால் பெல்ட், செயின், வால்வு, பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள். கண்ணாடிகளை இறக்கி, நீண்ட சுவர் ஒன்றின் ஓரமாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் காதில் விழும்.

விசில் சத்தம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. டர்போவை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். விசில் பெரிதாவதற்குக் காரணம் பலமுறை ஒரு தளர்ந்த கிளாம்ப்தான்.

அண்மையில் சர்வீஸ் செய்திருந்தால், காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாய் விலகியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ, அதுவரை மூடிக்கிடந்த டர்போவின் இயல்பான விசில் வெளியே கேட்கத் தொடங்கிவிடும். இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடக் கூடாது. வடிகட்டப்படாத காற்றோடு மணலும் தூசியும் நேராக, டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரமான கம்ப்ரெசரின் இதழ்களில் மோதி அவற்றைத் தேய்த்துவிடும்.

அடுத்து, டர்போவிலிருந்து இன்ஜின் வரை உள்ள குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கடுத்து, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு). இவையெல்லாம் சரியாக இருந்து, மிதியை அழுத்தும்போது ஊளை போன்ற ஒலி எழுந்து, வேகத்தோடு சைரன் போல ஏறி இறங்கினால்தான் டர்போவின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். பேரிங் தேய்ந்து அச்சு ஆடினாலோ, இதழ்களில் ஒன்று சிதைந்து சமநிலை குலைந்தாலோ வருவது இந்த ஒலி. இதனுடன் நீலப் புகையும் ஆயில் குறைவும் சேர்ந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

டர்போவின் அச்சு ஆடுகிறதா என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும், இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் கம்ப்ரெசர் வாயருகே விரலோ துணியோ போகவே கூடாது. பெட்ரோல் இன்ஜினில் டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. நிறுத்திய பிறகும் டர்போவின் உறை நெடுநேரம் சுடும்.

காற்று உள்ளே வரும் குழாயைக் கழற்றினால் கம்ப்ரெசர் சக்கரம் தெரியும். அதன் நடுவில் உள்ள நட்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். எங்கும் உரசக் கூடாது. பிறகு அச்சை முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். இந்த ஆட்டம் கையில் தெரியும் அளவுக்கு இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பக்கவாட்டு ஆட்டம் வேறு. அங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலான டர்போக்களின் அச்சு ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்வது. இன்ஜின் நின்றிருக்கும்போது அந்தப் படலத்தில் அழுத்தம் இல்லை. ஆகவே சிறிதளவு பக்கவாட்டு ஆட்டம் இருப்பது இயற்கை. சக்கரத்தின் இதழ் உறையின் சுவரைத் தொட்டால் மட்டுமே அது பழுது. பால் பேரிங் கொண்ட டர்போவாக இருந்தால் இந்த ஆட்டம் இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

இதழ்களின் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முனை உடைந்தோ வளைந்தோ இருந்தால், வடிகட்டியின் துண்டோ கழன்ற திருகோ உள்ளே போயிருக்கிறது. குழாயின் உட்புறத்தில் மெல்லிய ஆயில் பூச்சு இருந்தால் கவலை வேண்டாம். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் ஆவி அங்கே திருப்பி விடப்படுவதால் அப்படி இருக்கும். ஆயில் தேங்கியே நின்றால் அது வேறு கதை.

இழுக்கும்போது "ஸ்ஸ்" என்ற சீறல் கேட்கிறது. வண்டியில் இழுவையும் இல்லை.

அழுத்தப்பட்ட காற்று எங்கோ தப்பிக்கிறது. இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. சரிசெய்யும் செலவும் பெரும்பாலும் குறைவு.

ரப்பர் ஹோஸ்களின் அடிப்பக்கம்தான் முதலில் கிழியும். ஆயில் ஆவி பட்டு அங்கே ரப்பர் இளகிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கும் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புதிய ஆயில் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும் இடமே கசியும் இடம். இன்டர்கூலரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் ஓரத்திலும் விரிசல் வருவதுண்டு. சில கிழிசல்கள் அழுத்தம் ஏறும்போது மட்டுமே வாய் திறக்கும். நின்ற வண்டியில் எவ்வளவு பார்த்தாலும் அவை தெரியாது. அப்போது காற்றுப் பாதையை அடைத்து, அந்த இன்ஜினின் இயல்பான பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ கொடுக்கும் காற்றழுத்தத்தை) மீறாமல் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். புகை ஏற்றும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது.

டீசல் காரில் இதனுடன் கரும்புகையும் வரும். உள்ளே வந்ததாகக் கணக்கிட்ட காற்றில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடுவதால், எரிபொருள் மிகுந்து கரியாகிறது. இன்ஜின் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பெரும்பாலும் பி0299 என்ற குறியீடு பதிவாகியிருக்கும். பூஸ்ட் போதவில்லை என்பதே அதன் பொருள்; டர்போ பழுதாகிவிட்டது என்பதல்ல. இந்தக் குறியீட்டை மட்டும் பார்த்து டர்போவை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மிதியை விடும்போது "படபட" என்று அடித்துக்கொள்வது ஏன்?

பெட்ரோல் காரில் காலை எடுத்ததும், இன்ஜினுக்குள் காற்று நுழையும் வழியில் உள்ள த்ராட்டில் என்ற கதவு மூடிக்கொள்கிறது. டர்போ தள்ளிக்கொண்டிருந்த காற்றுக்குப் போக வழியில்லை. அதைத் திருப்பிவிடத்தான் ஒரு வால்வு இருக்கிறது. அந்த வால்வின் சவ்வு கிழிந்தாலோ வால்வு சிக்கிக்கொண்டாலோ, காற்று பின்னோக்கிப் பாய்ந்து கம்ப்ரெசர் இதழ்களை மோதுகிறது. அதுதான் படபடப்பு. சவ்வு கிழிந்திருந்தால் இழுக்கும்போதும் அழுத்தம் கசியும் என்பதால் இழுவையும் குறையும். இந்த ஒலியை ரசித்து, வேண்டுமென்றே வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் டர்போவின் அச்சைத் தாங்கும் பேரிங் மீது அந்த அடி விழுகிறது; அதனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கிணுகிணுக்கிறது.

இரண்டு இடங்கள் பார்க்க வேண்டும். முதலாவது வெப்பத் தடுப்புத் தகடுகள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள இந்த மெல்லிய தகடுகளின் போல்ட் துருப்பிடித்துக் கழன்றால் பெரிய பழுது போலச் சத்தமிடும். இன்ஜின் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது வேஸ்ட்கேட். டர்போவுக்குப் போகும் புகையில் மிகுதியானதை வெளியே திருப்பிவிடும் சிறு கதவு அது. அதன் அச்சும் புஷ்ஷும் தேய்ந்தால், இலேசாக மிதிக்கும்போதும் மிதியை விடும்போதும் கதவு நிலைகொள்ளாமல் அதிரும். இதற்காக எப்போதும் முழு டர்போவையும் மாற்ற வேண்டியதில்லை. சில மாடல்களுக்கு ஆட்டத்தை அடக்கும் கிளிப் கிடைக்கிறது. சிலவற்றில் அந்தக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரின் தண்டைச் சரிசெய்யலாம். ஆனால் அந்தத் தண்டின் நீளம் மாறினால் பூஸ்ட் அளவும் மாறும். அளவுமானியோ ஸ்கேனரோ இல்லாமல் கண் மதிப்பில் திருகக் கூடாது.

குளிர்ந்த இன்ஜினில் "டிக் டிக்", சூடானதும் நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. மேனிஃபோல்ட் கசிவு இப்படித்தான் ஏமாற்றும். டர்போவின் எடையும் வெப்பமும் சேர்ந்து மேனிஃபோல்டை இன்ஜினோடு பிணைக்கும் ஸ்டட் திருகுகளை உடைத்துவிடுகின்றன. பெரும்பாலும் இரு முனைகளில் இருப்பவை முதலில் போகும். குளிரில் இடைவெளி திறந்திருக்கும்; உலோகம் சூடேறி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். சுமை ஏறும்போது சத்தம் கூடுவதும், இணைப்பின் ஓரத்தில் கரி படிந்த கோடு இருப்பதும் இதன் அடையாளங்கள். புகை டர்போவை அடையும் முன்பே வெளியேறுவதால் இழுவையும் சற்றுக் குறையும். அதைவிடக் கவலைக்குரியது, கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரக்கூடும் என்பது. அதற்கு மணமில்லை.

வால்வுகளைத் திறக்கும் டேப்பெட்டின் சத்தம் என்றால் சுமையைப் பொருட்படுத்தாது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதால் அந்தத் தட்டலும் பாதி வேகத்தில் விழும். ஆயில் அளவையும் தரத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடிகள் "கடகட" என்கிறது.

கேம்ஷாஃப்டையும் கிராங்க்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயினைச் சந்தேகியுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. இரவில் ஆயில் வடிந்துவிட்டால், அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும். நாளடைவில் செயினும் நீண்டுவிடும். பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் பெட்ரோலும் கரித்துகளும் ஆயிலில் கலந்து செயினின் இணைப்புகளை அரிக்கின்றன. அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனத்தின் (ஏபிஐ) ஆயில் தரங்களில் 2020-இல் வந்த எஸ்பி தரத்தில் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு சோதனை சேர்க்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, ஸ்கேனரில் பி0016 போன்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கேம்ஷாஃப்டும் கிராங்க்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை என்பதை அது காட்டும். செயின் ஒரு பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெதுவாகப் போகும்போது உயர் கியரில் அழுத்தி மிதித்தால் "டக்" என்று ஓர் அடி விழுகிறது.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான நாக்கிங்கில், ஸ்பார்க் விழுந்த பிறகு எஞ்சிய கலவை தானாக வெடிக்கிறது. நாக் சென்சார் அதை உணர்ந்து ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திவிடும். ஆனால் குறைந்த சுற்றில், ஏறத்தாழ 1,500 முதல் 2,500 வரை, பெரும் சுமையில் நிகழும் முன்கூட்டிய எரிதல் ஸ்பார்க்குக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி என்ன பயன்? ஆயில் துளியோ படிந்த கரித்துகளோ தீப்பொறியாகி, அழுத்தம் தாறுமாறாக ஏறும். கடுமையான ஒரே அடியில் பிஸ்டனின் வளையப் பகுதி உடைந்துபோகக்கூடும்.

ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சார்ந்த பொருள்கள் இதைத் தூண்டுவது தெரிய வந்ததால், 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற தரமும் பிறகு எஸ்பி தரமும் வந்தன. கையேட்டில் சொன்ன தர ஆயிலையும் ஆக்டேன் அளவுள்ள பெட்ரோலையும் பயன்படுத்துங்கள். வேகம் வேண்டுமானால் கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்; குறைந்த சுற்றில் இன்ஜினைத் திணறவிடாதீர்கள்.

அடியிலிருந்து கனமான தட்டல் வருகிறது.

நிறுத்துங்கள். சுற்று வேகத்தோடு சேர்ந்து கூடி, சூடான இன்ஜினில் இன்னும் தெளிவாகக் கேட்கும் ஆழ்ந்த "டொக் டொக்" பெரும்பாலும், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். ஆயில் விளக்கும் எரிந்தால் வீடு வரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். இழுவை வண்டியில் ஏற்றுங்கள். பழுதுபார்ப்பவர் ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டராக நிறுத்திப் பார்ப்பார். எதை நிறுத்தும்போது தட்டல் அடங்குகிறதோ அங்கே பழுது. ஆயில் வடிகட்டியை வெட்டிப் பார்த்தால் உலோகப் பொடி மின்னுவதும் தெரியும்.

புதிய டர்போ போட்டும் சில காலத்தில் அதே ஊளை திரும்ப வந்துவிட்டது. பொருள் தரமற்றதா?

இருக்கலாம், ஆனால் அதற்கு வாய்ப்பு குறைவு. டர்போ தானாகக் கெடுவது அரிது. ஆயில் வராமல் போனாலோ, அழுக்கு ஆயில் வந்தாலோ, அயல் பொருள் நுழைந்தாலோ கெடுகிறது. முதல் டர்போவைக் கெடுத்த காரணம் அப்படியே இருந்தால் இரண்டாவதையும் அது விட்டுவைக்காது.

ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயைப் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். நெடுந்தூரம் வேகமாக ஓட்டிய உடனே இன்ஜினை நிறுத்தும் பழக்கம் இருந்தால், உள்ளே நின்றுபோன ஆயில் கருகி அந்தக் குழாயில் கரியாகப் படியும். வெளியே பார்த்தால் நல்ல குழாயாகவே தெரியும். ஆயில் திரும்பிப் போகும் குழாயும் அவ்வளவே முக்கியம். அதில் ஆயில் தன் எடையால்தான் வடிகிறது. குழாய் நசுங்கியிருந்தாலோ, கிராங்க்கேஸ் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறியிருந்தாலோ ஆயில் இறங்காமல் டர்போவின் சீல் வழியாகக் கசியும். "சீல் போய்விட்டது" என்று சொல்லி இன்னொரு டர்போ விற்கப்படும். கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தடவிய பசையின் பிசிறு ஆயில் வழியை அடைத்துவிடுவதும் உண்டு. பழைய டர்போவின் உடைந்த துண்டுகளும் ஆயிலும் இன்டர்கூலருக்குள் தங்கியிருந்தால் அதைக் கழுவியோ மாற்றியோ ஆக வேண்டும்.

பொருத்தியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் ஆயில் வாயில் புதிய ஆயிலை ஊற்றி, அச்சைக் கையால் சுழற்றி நனைக்க வேண்டும். முதல் சில விநாடிகள் வறண்டு சுழன்றாலே பேரிங்கில் கீறல் விழுந்துவிடும்.

டீசல் கார் தானாகவே உறுமி வேகமெடுத்தால் என்ன செய்வது?

டர்போவின் சீல் உடைந்து, இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக எரிக்கிறது. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுவதும் அழுத்தி, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அணையச் செய்யலாம். ஆட்டோமேடிக் என்றாலோ, முடியாமல் போனாலோ, வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானட்டைத் திறக்கப் போக வேண்டாம்.

பழுதுபார்ப்பவரிடம் போனால் மட்டும் சத்தம் வருவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

கைபேசியில் பதிவு செய்துகொண்டு போங்கள். காட்சிப் பதிவாக, சுற்றுமானி தெரியும்படி எடுத்தால் மிகவும் உதவும். குளிர்ந்த இன்ஜினில்தான் வருகிறது என்றால் முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். "டர்போ சத்தம்" என்று சொல்லாதீர்கள். "ஏற்றத்தில், மூன்றாவது கியரில், 2,000 சுற்றில், மிதித்தால் மட்டும் சீறல்" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அந்த ஒரு வரியிலேயே எங்கே கை வைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிடுவார்.

இன்ஜினை நிறுத்திய பிறகும் ஏதோ ஓடும் ஒலி கேட்கிறது.

கடுமையாக ஓட்டிய பின் டர்போவின் சூட்டைத் தணிக்கப் பல கார்களில் மின்சாரக் குளிர்நீர் பம்பும் விசிறியும் சில நிமிடங்கள் தொடர்ந்து ஓடும். நெடுநேரமாகியும் நிற்கவில்லை என்றாலோ, குளிர்ந்த இன்ஜினிலேயே ஓடுகிறது என்றாலோ, ரிலேயையும் வெப்ப சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.